யூஎஸ்பி ஸ்கேனர் அனுமதி: சூடோவா, சிஎச்மோடா, குழுவா, யூடெவ் விதியா?

திருகோணமலை உட்துறைமுக வீதியில் இருக்கும் எங்கள் போட்டோகொப்பி கடைக் கொம்பியூட்டரில் டெபியன் லினக்ஸ் போட்ட அன்றே இந்தச் சிக்கல் வந்துவிட்டது. செருகியிருக்கும் யூஎஸ்பி சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைக் கொடுத்தால் ஸ்கேனர் தெரிகிறது, நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டும் சூடோவில் ஸ்கேன் ஆகிறது, சாதாரண பயனராகத் திறந்தால் மட்டும் ஸ்கேனரே இல்லை என்கிறது. காரணம் எளியது. லினக்ஸில் ஒவ்வொரு சாதனமும் ஒரு கோப்பாகத் தெரியும், யூஎஸ்பி சாதனக் கோப்பு வழமையாக ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமாக, 664 அனுமதியோடு பிறக்கும். மற்றவர்கள் வாசிக்கலாம், எழுத முடியாது, ஸ்கேனருக்கோ கட்டளை எழுதியே ஆக வேண்டும். தெரிந்த மாடல்களுக்கு, லினக்ஸில் ஸ்கேனர்களை இயக்கும் சேன் தொகுப்போடு வரும் விதிகளே இதைச் சரிசெய்துவிடும். எங்களுடையது தயாரிப்பாளரின் தனி டிரைவரில் ஓடுவது, அந்தப் பட்டியலில் அதன் எண் இல்லை.

சூடோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கேன் செய்த காணி உறுதியெல்லாம் ரூட் பெயரில் சேமிக்கப்படும், கடையில் நிற்கும் தங்கச்சியால் அதைத் திருத்திச் சேமிக்க முடியாது, ரூட் அதிகாரத்தை எல்லோருக்கும் கொடுக்கவும் கூடாது.

கோப்பின் அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளையில் 666 கொடுத்தால் எல்லோரும் வாசிக்கலாம், எழுதலாம், அது உடனே வேலை செய்யும், அதனால்தான் பலரும் அதோடு நின்றுவிடுகிறார்கள். நானும் 2 கிழமை அப்படித்தான் ஓட்டினேன். ஆனால் கேபிளைக் கழற்றிச் செருகினாலோ, கரண்ட் போய் வந்தாலோ ஸ்கேனருக்குப் புதுச் சாதன எண் கிடைக்கும், 005 ஆக இருந்தது 006 ஆகும், அந்தப் புதுக் கோப்பு மறுபடி 664 தான். "அண்ணா, ஸ்கேனர் திரும்பக் காணேல்லை" என்று போன் வரும்போது நான் உப்புவெளியில் நிற்பேன், கடையில் ஆட்கள் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். நான் இல்லாத நேரத்திலும் தானாக நிலைத்து நிற்கிற வழிதான் எனக்கு வேண்டும். அது யூடெவ் விதி, அதாவது சாதனத்தைச் செருகும்போதெல்லாம் லினக்ஸ் தானாகப் பார்த்து நடக்கும் விதி.

உற்பத்தியாளர் எண், மாடலுக்குரிய மாறாத தயாரிப்பு எண் இரண்டையும் எல்எஸ்யூஎஸ்பியில் பார்த்து ஒரே வரியில் எழுதி, யூஅக்சஸ் என்ற டேக்கைச் சேர்த்தால் போதும், அப்போது திரைக்கு முன்னால் லாகின் ஆகியிருப்பவருக்கு அனுமதி தானாகக் கிடைக்கும். இதில் என்னை ஒரு பின்னேரம் முழுக்க இழுத்தடித்தது கோப்பின் பெயர். விதிக் கோப்புகள் பெயர் வரிசைப்படிதான் வாசிக்கப்படும். 99 என்று தொடங்கும் பெயர் வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அந்த டேக்கைப் பார்த்து அனுமதி கொடுக்கும் வேலை 73 என்று தொடங்கும் கோப்பில் நடப்பதால் நம்முடையது அதற்கு முன்னால் வர வேண்டும். 60 என்று மாற்றி, விதிகளை மீள ஏற்றி, கேபிளைக் கழற்றிச் செருகினேன், சரி வந்துவிட்டது.

பயனர்களை ஒரு குழுவில் சேர்த்து அந்தக் குழுவுக்கு அனுமதி கொடுக்கும் வழியும் தவறில்லை. ஆனால் ஸ்கேனர் குழுவில் ஆளைச் சேர்த்தால் மட்டும் போதாது, சாதனத்தை அந்தக் குழுவுக்கு மாற்ற அதற்கும் ஒரு யூடெவ் விதி வேண்டும், அப்புறம் ஆள் ஒருமுறை வெளியேறி மீண்டும் லாகின் ஆக வேண்டும், புது ஆள் வரும்போதெல்லாம் மறக்காமல் சேர்க்கவும் வேண்டும். எஸ்எஸ்எச் வழியாக வேறு கணினியிலிருந்து நுழைந்தோ திரை இல்லாத கணினியிலோ ஸ்கேன் செய்பவர்களுக்கு யூஅக்சஸ் உதவாது, அங்கே குழுதான் சரி. என் அனுபவம் ஒரே கடை, ஒரே ஸ்கேனர்தான். இந்த 8 மாதத்தில் அந்தப் போன் திரும்ப வரவில்லை.