ஏழு ஆண்டுகளாக பேட்டரி விளக்குகளுடன்: என் அனுபவம்

முதலில் வாங்கிய எமர்ஜென்சி விளக்கு உழைத்துத் தேய்ந்து போகவில்லை, பரணில் சும்மா கிடந்தே செத்தது. ஒரு வருடம் மின்தடையே வராததால் அதை மறந்துவிட்டேன். ஒரு நாள் இரவு எடுத்தபோது துளி வெளிச்சமும் இல்லை. இரவு முழுக்க சார்ஜ் செய்தும் ஐந்து நிமிடத்தில் மங்கி அணைந்தது. அதில் இருந்தது ஈய அமில பேட்டரி. சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் விட்டால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிகங்கள் இறுகிப்போகும். பிறகு அது மின்சாரத்தை ஏற்காது. இந்த வகையை முழு சார்ஜில்தான் வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மீண்டும் ஏற்ற வேண்டும். இதை வாங்கிய அன்றே யாராவது சொல்லியிருந்தால் அந்த விளக்கு இன்றும் எரிந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது, மூன்று ஏஏ செல் போடும் தொங்குவிளக்கு. இதையும் ஏறக்குறைய இழந்திருப்பேன். செல் மூடியைத் திறந்தால் உள்ளே உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் பொருக்கு. ஸ்பிரிங் பச்சை படிந்து கிடந்தது. ஆல்கலைன் செல் கசிந்தால் வருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தோலை அரிக்கும் காரம். கையுறை மாட்டி, பஞ்சுக் குச்சியை வினிகரில் நனைத்துத் தொட்டேன். சிறு சிறு குமிழிகள் எழுந்து, பொருக்கு கரைந்தது. ஈரத்தைத் துடைத்து, மறுநாள் வரை காயவிட்டு, ஸ்பிரிங் முனையை மெல்லிய உப்புத்தாளால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தேன். விளக்கு எரிந்தது. அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி புது விளக்கு வாங்கியபோதுகூட இருந்ததில்லை.

அதன் பிறகு சில பழக்கங்கள் வந்துவிட்டன. எடுத்து வைக்கும்போது செல்களைக் கழற்றிவிடுகிறேன். பழைய செல்லோடு புதியதைச் சேர்ப்பதில்லை. சேர்த்தால் வலுவிழந்த செல் முதலில் தீர்ந்து, மற்றவை அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளும்போது கசிகிறது. இப்போது போடுவது மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் செல்கள். 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட் என்பதால் வெளிச்சம் ஒரு மாற்றுக் குறைவுதான், ஆனால் கடைசி வரை ஏறக்குறைய ஒரே சீராக எரிகிறது. அணையப்போவது முன்கூட்டித் தெரியாது என்பதால் ஒரு செட் கூடுதலாக வைத்திருக்கிறேன்.

எனக்கு மிகப் பிடித்தது மூன்றாவதான லித்தியம் அயான் மேசை விளக்கு. அம்மா உடல்நலம் குன்றியிருந்த மாதங்களில் அவர் கட்டிலருகே இரவெல்லாம் குறைந்த அளவில் எரிந்தது இதுதான். 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) மஞ்சள் ஒளி கண்ணை உறுத்தவில்லை. எல்இடி என்பதால் கைபட்டாலும் சுடாது. எழுந்து நடக்கும்போது காலில் சிக்க வயரும் இல்லை. மருந்துச் சீட்டைப் படிக்க விளக்கையே பக்கத்தில் நகர்த்திக்கொள்வார். பேட்டரி விளக்கின் அருமை எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

இதன் பராமரிப்பு ஈய அமில வகைக்கு நேர்மாறு. நீண்ட நாள் எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜ் போதும்; முழு சார்ஜிலும் வெப்பத்திலும் கிடந்தால் விரைவில் மூப்படையும். ஆகவே வெயில் விழும் ஜன்னலோரத்தில் வைப்பதில்லை. நான்கு ஆண்டுகளில், நடுத்தர வெளிச்சத்தில் ஒன்பது மணி நேரம் எரிந்தது ஏழு மணி நேரமாகியிருக்கிறது. எனக்கு அது ஏற்கத்தக்க இழப்பே. பேட்டரி வீங்கிவிட்டால் மட்டும் பேச்சே இல்லை. குத்தாமல், நசுக்காமல், உடனே பயன்பாட்டை நிறுத்தி மின்கழிவு சேகரிப்பில் கொடுத்துவிட வேண்டும்.

ஒரே மனக்குறை, இதன் உறையைப் பசையிட்டு ஒட்டியிருக்கிறார்கள். பேட்டரி மட்டும் தீர்ந்தாலும் முழு விளக்கையும் தூக்கியெறிய வேண்டியதுதான். அடுத்து வாங்கும்போது வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் லூமென் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அடிப்பக்கத்தில் திருகுகள் இருக்கின்றனவா என்றுதான் பார்ப்பேன்.