யாழ்ப்பாணத்துத் தண்ணீரில் ஒரு சவரக்கத்தி

மடக்குச் சவரக்கத்தியால் முகம் வழிக்கப் பழகிச் சில வருடங்கள் ஓடிவிட்டன. கேள்விப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பவை இரண்டுதான்: காசு மிச்சமா, நேரம் மிச்சமா? இரண்டும் இல்லை. சாதாரண ரேசரும் பிளேட்டும் வாங்குகிறவர் பல வருடங்களில் செலவழிப்பதைக் கத்தி, அதன் விளிம்பை நிமிர்த்தும் தோல் வார், சாணைக்கல் என்று முதல் வருடத்திலேயே செலவழித்துவிடுவோம். ஐந்து நிமிட வேலை இருபது நிமிடமாகும். வேலைக்குப் பஸ் பிடிக்க ஓடுகிற காலை நேரத்தில் இந்தக் கத்தியைக் கையில் எடுக்கவே கூடாது.

அப்படியானால் எதற்காக? எனக்குக் கழுத்துக்காக. என் கழுத்தில் மயிர் சுருண்டு வளரும் வகை. மூன்று, ஐந்து பிளேட் அடுக்கிய கார்ட்ரிஜ் ரேசர்கள் மயிரை இழுத்துத் தோல் மட்டத்துக்குக் கீழே நறுக்கிவிடும். நறுக்குண்ட நுனி வெளியே வராமல் தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து சிவந்த கொப்புளமாகும். ஒற்றை அலகால் மயிர் சாயும் திசையில் வழித்தால் அந்த இழுப்பு இல்லை. கொப்புளங்கள் முழுதாக நின்றுவிட்டன என்று சொல்லமாட்டேன். ஆனால் சட்டைக் கொலர் உரசி எரிகிற நாள்கள் அரிதாகிவிட்டன. இப்படிக் குறை எதுவும் இல்லாதவருக்கு ஒரு நல்ல ஒற்றைப் பிளேட் ரேசர் தாராளமாகப் போதும். இதை விற்கிறவர்கள் சொல்லமாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன்.

தொடங்கியது 2022இல். இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் வெளிநாட்டுச் சாமான்களின் விலை கிழமைக்கொரு முறை ஏறிக்கொண்டிருந்த காலம். லண்டனில் இருக்கும் மச்சான் பழைய பொருள் சந்தையில் வாங்கி அனுப்பிய, இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் ஊரில் செய்த கத்திதான் என்னுடையது. அகலம் எட்டில் ஐந்து அங்குலம். இந்தக் கத்திகளின் அகலத்தை அங்குலத்தின் எட்டுக் கூறுகளில்தான் சொல்வார்கள். புதிதாகப் பழகுகிறவருக்கு ஐந்து அல்லது ஆறு கூறு அளவாக இருக்கும். அதைவிட அகலமானது மூக்கடியில் திருப்ப வராது, ஒடுங்கியது நுரையைத் தாங்காது. கத்தியின் வால் பக்கத்தில் இங்கிலாந்து என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கிய பிறகே இப்படிப் பொறிப்பது பரவலானது. ஆகவே பெரும்பாலும் அதற்குப் பிந்திய கத்தி. அமெரிக்கச் சுங்க அதிகாரிக்காகப் பொறித்த எழுத்தை யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் வைத்து வாசிக்கிறேன், அதுவும் ஒரு வேடிக்கைதான்.

பழையது வேண்டாம் என்றால் ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர் ஆகிய ஊர்களில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். விலை கனதி. மிக மலிவாக, பளபளப்பான பெட்டியில் வரும் சில கத்திகள் பார்வைக்கு மட்டுமே கத்தி. உருக்கு கூரைத் தாங்காது, எத்தனை தீட்டினாலும் முகத்தில் மயிர் பிடுங்குவதே மிச்சம். இன்னொன்று: நம் சலூன்களில் இப்போது கையாள்வது பாதிப் பிளேட் மாட்டும் கத்தி. ஆளுக்கொரு புது பிளேட் போட்டால் ஹெபடைடிஸ், எச்.ஐ.வி. போன்றவை இரத்தத்தால் தொற்றும் பயம் இல்லை என்பதால் வந்த நல்ல மாற்றம் அது. தோற்றம் ஒன்றுதான், ஆனால் பழக்கம் வேறு. அந்தப் பிளேட் மெல்லியது, விறைப்பானது, சற்றுப் பிசகினாலும் மன்னிக்காது. அதில் பழகிவிட்டு இதற்கு வரலாம் என்று நினைக்கத் தேவையில்லை. நேரே இதில் தொடங்குவதே சுலபம்.

எங்கள் ஒழுங்கையில், யாழ் நகரில் நெடுங்காலம் சலூன் நடத்திவிட்டு இப்போது வீட்டோடு இருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கத்தியைக் கொண்டுபோய்க் காட்டினேன். முகம் வழிப்பது பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தோல் வாரைக் கொண்டுவா என்றார். வாரின் ஒரு முனையை யன்னல் கம்பியில் கொளுவி, மறுமுனையை இடக்கையால் இறுக்கிப் பிடித்தார். கத்தியைத் தட்டையாகப் படுக்க வைத்தார். முதுகு முன்னே போக, வாய், அதாவது வெட்டும் விளிம்பு, பின்னால் இழுபட வேண்டும். வாரின் அந்தத்தில் கத்தியைத் திருப்பும்போது முதுகு தோலை விட்டு எழும்பவே கூடாது. முதுகின் மேலேயே உருட்டித் திருப்ப வேண்டும். வாய்ப்பக்கமாக உருட்டினால் கூரும் போகும், தோலும் கிழியும்.

அவர் செய்யும்போது கத்தியைப் பார்க்கவில்லை, காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். போகும்போது எழும் ஒலியும் வரும்போது எழும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டுமாம். ஒரு பக்கம் சன்னமாகக் கேட்டால் அந்தப் பக்கம் கத்தி தோலில் முழுதாகப் படியவில்லை. என்னிடம் தந்தார். நாலைந்து இழுப்புக்குள் நிறுத்தச் சொன்னார்.

“தம்பி, நீர் அழுத்துகிறீர். இது என்ன மண்வெட்டியா? பாரம் கத்தியுடையதாக இருக்கட்டும், உம்முடையதாக வேண்டாம்.”

“அழுத்தாமல் எப்படி ஐயா கூர் வரும்?”

“கூர் வருவது கல்லில். வாரில் அதை நிமிர்த்தத்தான் செய்கிறோம்.”

அவர் சொன்னது முற்றிலும் சரி. ஒவ்வொரு முகச்சவரத்திலும் கத்தியின் நுண்ணிய விளிம்பு அங்கங்கே வளைகிறது, சிறு சிறு துணுக்குகளாக உதிரவும் செய்கிறது. மயிரைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு கடினமான உருக்கு எப்படி மயிரிடம் தோற்கிறது என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் ‘சயன்ஸ்’ இதழில் விளக்கினார்கள். அவர்கள் ஆராய்ந்தது சாதாரண ரேசர் பிளேட்டை. உருக்கின் உள்ளமைப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லாதபோது, மயிர் வளைந்து சரிவாக வந்து முட்டினால் விளிம்பின் பலவீனமான இடம் பெயர்ந்துவிடுகிறதாம். மயிரை நன்றாக நனைத்து மென்மையாக்க வேண்டியதற்கும், வாரில் தவறாமல் இழுக்க வேண்டியதற்கும் இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. வாரின் கன்வஸ் துணிப் பக்கத்தில் இருபது முப்பது, பிறகு தோல் பக்கத்தில் ஐம்பது அறுபது இழுப்பு. முகம் வழிக்கும் முன் ஒவ்வொரு முறையும். முதல் வாரை எப்படியும் வெட்டிவிடுவோம் என்பதால் மலிவானதாக வாங்குங்கள், ஆனால் மூன்று அங்குல அகலமாக இருக்கட்டும்.

முகத்துக்கு வருவோம். கன்னம்தான் பள்ளிக்கூடம். சில கிழமைகளுக்குக் கன்னத்தை மட்டும் இதில் வழித்துவிட்டு மீதியைப் பழைய ரேசரில் முடியுங்கள். தோலுக்கும் கத்திக்கும் இடையே ஏறத்தாழ முப்பது பாகை. அதற்கு மேல் நிமிர்த்தினால் வெட்டும், மிகவும் படுக்கவைத்தால் மயிரை இழுக்கும். மற்றக் கை சும்மா இருக்கக் கூடாது. தோலை எதிர்த் திசையில் இழுத்துப் பிடிப்பது அந்தக் கையின் வேலை. சவரத்தில் பாதி அதுதான். நுரை பட்டு விரல் வழுக்கினால் விரல் நுனியில் சீனக்காரத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள், பிடி கிடைக்கும். சின்னக் கீறலுக்கு மருந்தும் அதே சீனக்காரம்தான்.

நாடியும் மேலுதடும் கடினமான இடங்கள். நாடியில் எலும்பு வளைகிறது, மயிர் பல திசையில் சாய்கிறது. இன்றும் என் நாடியில் ரேசர் தருகிற வழுவழுப்பை இந்தக் கத்தி தருவதில்லை, அதற்காக எதிர்மயிராக மூன்றாம் முறை இழுக்கவும் நான் தயாரில்லை. கத்தி கை நழுவினால் பிடிக்கப் போகாதீர்கள். விழட்டும். சீமெந்துத் தரையில் விழுந்தால் கத்தி பழுதாகும், பிடிக்கப் போனால் கை பழுதாகும். நான் காலடியில் பழைய துவாய் ஒன்றை மடித்துப் போட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவும் எந்த ஊரிலும் ஒன்றுதான். எனக்குப் பெரும்பாடாக இருந்தது தண்ணீர். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்க, அதைக் கிணற்றில் அள்ளுகிறோம். அந்தக் கல்லின் கல்சியம் தண்ணீரில் கரைந்து வருகிறது. கேத்திலின் உட்புறம் வெள்ளையாகப் படிவது அதுவே. சவர்க்காரம் இந்தக் கல்சியத்தோடு சேர்ந்து கரையாத அழுக்காகத் திரிந்துவிடும், நுரையாக எழும்பாது. ரேசருக்கு அரைகுறை நுரை போதும். இந்தக் கத்திக்குப் போதாது. தயிரைப் போல் கட்டியாக இல்லாமல், சோம்பலாக வழிகிற ஈரமான, நெருக்கமான நுரை வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த நல்ல சவரக் கட்டியை எங்கள் கிணற்றுத் தண்ணீரில் எத்தனை சுழற்றியும் கிடைத்தது பெரிய குமிழிகள்தான், முகத்தில் பூசியதும் செத்துவிடும். கட்டியைக் குறை சொல்லிக் குப்பையில் போடுவதற்கு முன் மாரி மழையில் பீலியடியில் பிடித்த தண்ணீரில் அதே கட்டியைக் குழைத்துப் பார்த்தேன். நுரை பிரஷிலேயே திரண்டு நின்றது.

ஆகவே என் முறை இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிடிக்கிற தண்ணீரில் கொஞ்சத்தை மூடிய போத்தல்களில் சவரத்துக்கென்று ஒதுக்குகிறேன். ஒரு முறைக்கு ஒரு தேத்தண்ணீர்க் கோப்பை அளவு நுரைக்குப் போதும். அது தீர்ந்தால் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேலாக வடித்து எடுத்துத் திரும்பச் சூடாக்குகிறேன். கொதிக்கும்போது கரைந்த சுண்ணத்தில் ஒரு பகுதி பிரிந்து அடியில் தங்கிவிடுவதால் நுரை ஓரளவு திருந்தும். இந்த வேலையும் வேண்டாம் என்கிறவர் கட்டியை விட்டுவிட்டுக் குழாயில் வரும் சவரக் கிறீமை எடுக்கட்டும், கடின நீரில் அது கட்டியைவிடச் சமாளிக்கும். கடலோரத்திலும் தீவுப் பக்கத்திலும் உவர்க் கிணறு உள்ளவர்கள் அந்தத் தண்ணீரைக் கத்திக்குக் காட்டவே வேண்டாம். உப்பு உருக்கின் எதிரி.

காற்றும் சேர்ந்துகொள்கிறது. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் ஒரு கன்னத்தை வழித்து முடிப்பதற்குள் மறு கன்னத்தின் நுரை காய்ந்து ஒட்டிவிடும். அப்போது பாதி முகத்துக்கு மட்டும் பூசி, முடித்துவிட்டு மறுபாதிக்குப் பூச வேண்டும். வாரும் அந்த மாதங்களில் வறண்டு விறைக்கும்; உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்தாலே இளகும். மாரியில் நேர்மாறு. வாரின் தோலில் பூஞ்சணம் பிடிக்கும். கத்தி கார்பன் உருக்கு என்பதால் இரவோடிரவாகச் செம்புள்ளி போடும். வழித்ததும் கழுவி, மென்துணியால் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகத் துடைத்து, பிடியின் இடுக்கில் தங்கும் ஈரத்தையும் ஒற்றி எடுத்து, திறந்தபடியே சற்று உலரவிட்டு, இரண்டு துளி எண்ணெய் பூசுகிறேன். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும். தையல் மெசின் எண்ணெய்தான் தோது. வழிக்கும் முன் அதைக் கழுவிவிட வேண்டும். குளியலறையில் கத்தியை வைக்காதீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருப்பதால் எங்களுடையது அலுமாரியின் மேல் தட்டில், பூட்டுக்குள்.

சாணை பிடிப்பதை முதல் வருடத்தில் தொடவே வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். என் கத்தியைப் பெரியவரே தீட்டித் தந்தார். பிறகு நானே பழகினேன். இரும்புக் கடையில் கத்தி, கோடாலிக்கு விற்கும் கல் இதற்கு மிகவும் கரடு. ஆயிரம், நாலாயிரம், எண்ணாயிரம் என்று எண் ஏற ஏற நுண்மை கூடும் கற்கள் வேண்டும், கடைசியில் பன்னீராயிரம் இருந்தால் இன்னும் நல்லது. அதிசயம் என்னவென்றால் கோணத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. முதுகையும் வாயையும் சேர்த்துக் கல்லில் படுக்க வைத்தால் முதுகின் தடிப்பே சரியான கோணத்தைக் கொடுத்துவிடும், செய்தவன் அப்படித்தான் அளந்து செய்திருக்கிறான். ஒழுங்காக வாரில் இழுத்தால் கல்லுக்கு வருடத்தில் ஓரிரு முறைக்கு மேல் வேலையில்லை. பழைய கத்தி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: முதுகில் கறை இருந்தால் பரவாயில்லை, வாயோரத்தில் துருக் குழி இருந்தால் விட்டுவிடுங்கள். எந்தக் கல்லும் அதை ஈடுசெய்யாது.

பயணத்துக்கு இது ஆகாது. விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய் இறங்கிய கையோடு, அரைத் தூக்கத்தில், ஆடுகிற குழாயடியில் இதை விரிக்கிறவர் என்னைவிடத் துணிச்சல்காரர். அதற்கெல்லாம் சாதாரண ரேசர்.

இந்தக் கத்தி மற்ற எல்லாவற்றையும் தோற்கடிக்கிற இடம் நீண்ட தாடி. பெரியப்பா காலமானபோது துடக்குக் காலம் முழுவதும், 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரை, நான் முகம் வழிக்கவில்லை. முன்பு இப்படி வந்தபோது கார்ட்ரிஜ் ரேசரின் பிளேட் இடுக்குகளில் மயிர் அடைத்து, தட்டித் தட்டிக் கழுவி, முகம் எரிய முடித்திருக்கிறேன். இதில் அடைக்க இடுக்கே இல்லை. கத்தரிக்கோலால் கட்டையாக்கி, சுடுதண்ணீரில் நனைத்த துவாயை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் போட்டுவிட்டு, கன்னத்தில் மேலிருந்து கீழே இழுத்தபோது அகலமான பட்டையாகத் தாடி நுரையோடு கத்தியின் மேல் ஏறி வந்தது. துவாயில் துடைத்துவிட்டு அடுத்த இழுப்பு. கன்னம் இரண்டும் முடிந்ததும் நிறுத்தி, கத்தியைத் துடைத்து உலர்த்தி, வாரில் இன்னொரு தரம் இழுத்த பிறகே கழுத்துக்கு இறங்கினேன். ஒரு மாதத் தாடி அவ்வளவு கூரைத் தின்றுவிடுகிறது.