எந்தப் பார்வைக்குக் கிடா வரும்?

வேட்டையில் மானை ஏமாற்ற வைக்கும் மானுக்குத் தமிழில் ஒரு பழைய சொல் உண்டு: பார்வை. சங்க காலத்து வேடர்கள் பழக்கிய மானைக் கட்டிவைத்துக் காட்டுமானை வரவழைத்தார்கள். அமெரிக்காவின் வயோமிங், மொன்டானா புல்வெளிகளில் வில்வேட்டைக்காரர்கள் உயிர்மானுக்குப் பதில் மடக்கிப் பைக்குள் வைக்கிற துணிப்படத்தைக் கொண்டுபோகிறார்கள். இரை, பிராங்ஹார்ன் என்கிற கவைக்கொம்பு மான். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஒளிய மரமில்லாத வெட்டவெளியில் வாழ்வதால், வெகுதூரத்தில் எது அசைந்தாலும் பார்த்துவிடும்.

ஆகஸ்ட் வெயிலில் தண்ணீர்க்குட்டை ஓரம் கூடாரத்தில் காத்திருப்பதே லாபம், மழை பெய்யாதவரை. செப்டம்பர் நடுவில் இணைசேரும் பருவம் சூடுபிடித்ததும் பார்வைக்கு வேலை வருகிறது.

என் ஓட்டு இளங்கிடா படத்துக்கு. சின்னக் கொம்பு, கன்னத்தில் கறுப்புத் திட்டு, அவ்வளவு போதும். பெண்மான்களான பிணைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பெரிய கிடாவுக்கு இப்படியொரு பொடியன் பக்கத்தில் நிற்பதே பொறுக்காது. மேட்டுக்குப் பின்னால் தவழ்ந்துபோய், 200 மீட்டருக்குள் வந்தபிறகு சட்டென்று நிமிர்த்திக் காட்ட வேண்டும். ரொம்பத் தூரத்திலிருந்தே காட்டினால் சண்டைக்கு வராது, பிணைகளை ஓட்டிக்கொண்டு போய்விடும். பெரிய கொம்புள்ள படமும் வேண்டாம். நடுத்தரக் கிடா பயந்து ஒதுங்கும்.

பிணைப் படம் வேறு ஆளுக்கு. துணை கிடைக்காமல் தனியே அலைகிற கிடா அதைத் தேடி வரும், ஆனால் கோபத்தில் பாய்ந்து வராது, நின்று நின்று வரும். பொறுமை வேண்டும். மாட்டுப் படம் யாரையும் அழைக்காது; மேய்ச்சல் நிலத்தில் மறைந்து நெருங்கத்தான் உதவும். நேராக நடக்காமல் மேய்வதுபோல் வளைந்து வளைந்து போக வேண்டும்.

அப்புறம், கையில் பிடிப்பதா தரையில் நடுவதா? வில்லிலேயே மாட்டும் சின்னப் படம் தனியாளுக்குச் சுகம். ஆனால் அந்தப் புல்வெளிக் காற்றில் துணி பாய்மரம் மாதிரி இழுக்கும், குறி ஆடும். இரண்டு பேர் போனால் ஒருவர் படத்தைப் பிடித்துக்கொண்டு தூரமானியில் மீட்டர் சொல்லலாம், மற்றவர் நாணை இழுக்கலாம். ஓடிவந்த கிடா 30, 40 மீட்டரில் நின்று முறைக்கும் நேரம் சில நொடிதான். அதற்குள் தனியாளால் தூரமும் அளந்து நாணும் இழுப்பது கஷ்டம்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கிப் பருவம் தொடங்கிவிட்டால் எல்லாப் படத்தையும் மூட்டை கட்டிவிடுங்கள். தூரத்தில் இருக்கிற இன்னொரு வேட்டைக்காரரின் தொலைநோக்கியிலும் அது மானாகத்தான் தெரியும்.