இன்ஜின் மாற்றிய காரில் கரன்ட் கோளாறா? காசு கொடுக்கும் முன் எர்த் கேபிளைப் பாருங்கள்

கோவை சுற்றுவட்டாரத்தில் பழைய காருக்கு இன்ஜின் மாற்ற நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். ஒரு பட்டறை எங்கள் வண்டியில் பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் கேபிளை மாட்டாமல் விட்டது. அதனால் வந்த கோளாறு ஒவ்வொன்றுக்கும் எங்களிடமே காசு வாங்கியது. மொத்தம் 20,100 ரூபாய். இன்ஜின் மாற்றிய 58,000 தனி.

வண்டி 2005 மாருதி எஸ்டீம், அப்பா வாங்கியது. கருமத்தம்பட்டி தாண்டி ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, கவனிப்பதற்குள் இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது. அதே 1.3 லிட்டர் இன்ஜின் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும், போட்டுத் தருகிறோம் என்றார்கள் அந்தப் பட்டறையில். பழைய இன்ஜினைச் செயின் பிளாக்கில் தூக்கும்போது நான் பக்கத்தில் நின்று நாலைந்து போட்டோ எடுத்தேன். அந்தப் போட்டோக்கள்தான் பின்னால் உதவின.

வண்டி கைக்கு வந்த மூன்றாம் நாளே செல்ஃப் இழுக்கத் திணறியது. செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்று 4,800. அடுத்த வாரம் பேட்டரி இறங்கியது, புது பேட்டரி 4,600. அதுவும் இறங்கியது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் சரியில்லை, ரீகண்டிஷன் செய்ததைப் போட்டிருக்கிறோம் என்று 7,500. இதற்கிடையில் ராத்திரி ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறும், அணைத்தால் இறங்கும். ஏற்கெனவே சூட்டில் ஒரு இன்ஜினை இழந்தவர்களுக்கு அந்த முள் ஏறுவதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்பா ராத்திரியில் வண்டி எடுப்பதையே விட்டுவிட்டார். தெர்மோஸ்டாட் மாற்றினார்கள், 1,400. முள் ஏறுவது நிற்கவில்லை.

கிளட்ச் கேபிள்தான் எனக்கு முதலில் சந்தேகத்தைக் கிளப்பியது. பெடல் இறுகி, மிதிக்கவே முடியவில்லை. புது கேபிள் போட்டார்கள், 900. பதினைந்து நாளில் அதுவும் இறுகியது, இன்னொரு 900. ஒரு நாள் காலையில் நாலைந்து முறை செல்ஃப் அடித்துவிட்டு பானெட்டைத் திறந்தேன். பிளாஸ்டிக் கருகும் வாடை. கிளட்ச் கேபிளைத் தொட்டேன், விரல் சுட்டது. இன்ஜினே ஸ்டார்ட் ஆகாதபோது கிளட்ச் கேபிள் எப்படிச் சுடும்? பட்டறையில் கேட்டதற்கு, "செக் இன்ஜின் லைட்டும் மினுக்குதுல்ல சார், இ.சி.எம். போயிருச்சு. பழசு ஒண்ணு இருக்கு, 16,000 ஆகும்" என்றார்கள். இ.சி.எம். என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். எர்த் பார்த்தீர்களா என்றேன். பையன் மல்டிமீட்டரை வைத்தான், பீப் சத்தம் வந்தது. "எர்த் பக்காவா இருக்கு சார்."

அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு, நண்பர் சொன்ன ஒரு பெரியவரிடம் போனேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆட்டோ எலக்ட்ரீஷியன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு எதையும் கழற்றவில்லை. மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முனையிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்தார். "செல்ஃப் அடி கண்ணு" என்றார். 3.8 வோல்ட் காட்டியது. நல்ல எர்த் என்றால் அந்த இடத்தில் 0.2, 0.3-க்கு மேல் வரக்கூடாது. பிறகு ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து மைனஸ் முனையிலிருந்து இன்ஜினைத் தூக்கும் கொக்கிக்குப் போட்டார். செல்ஃப் ஒரே இழுப்பில் எடுத்தது. ஹெட்லைட் போடச் சொன்னார். முள் அசையவில்லை.

பேட்டரி ட்ரேயைக் கழற்றியதும் தெரிந்தது. கியர்பாக்ஸில் போல்ட் போட வேண்டிய தடிமனான எர்த் கேபிள் ஆயிலும் மண்ணுமாக அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. என் போனில் இருந்த முதல் போட்டோவில் அதே கேபிள் போல்ட்டோடு இருக்கிறது.

அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருப்பதால் பாடியோடு அதற்கு நேரான மின்தொடர்பு கிடையாது. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தக் கரன்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போக வேண்டிய வழி எர்த் கேபிள். அது இல்லை என்றால் பாடியையும் இன்ஜினையும் தொடும் எந்த உலோகம் கிடைக்கிறதோ அதன் வழியே போகும். எங்கள் வண்டியில் கிளட்ச் கேபிளும் ஆக்ஸிலரேட்டர் கேபிளும் மாட்டிக்கொண்டன. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகி கிளட்ச் இறுகியது அதனால்தான். சார்ஜிங்கிலும் இதே கதை. ஆல்டர்னேட்டரிலேயே அளந்தால் 14.2 வோல்ட், பேட்டரியில் லைட் போட்டு அளந்தால் 12.9. பேட்டரி எப்படி நிறையும்? டெம்பரேச்சர் சென்சாரும் இன்ஜின் உடம்பையே எர்த்தாக எடுப்பதால் லைட் போட்டதும் முள் பொய் சொன்னது. பீப் சத்தத்தை நம்பவே கூடாது என்றார். அந்தச் சோதனையில் மீட்டர் அனுப்பும் கரன்ட் மிகச் சிறியது, ஒரே ஒரு இழை தொட்டிருந்தாலும் பீப் அடிக்கும். செல்ஃப் அடிக்கும்போது வோல்ட்டில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

கேபிள் முனையில் இருக்கும் உலோக லக்கை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, போல்ட் போடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இறுக்கினார். 3.8 இருந்த இடத்தில் 0.15. லைட் போட்டும் பேட்டரியில் 14.1. கூலி 300 ரூபாய் கேட்டார், அதைக் கொடுக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் ஒரு விஷயம். 7,500 வாங்கிய அந்த "ரீகண்டிஷன்" ஆல்டர்னேட்டரைக் கழுவிப் பார்த்தோம். போல்ட் மாட்டும் மவுன்ட்டிங் காதில் ஒரு ஓரம் உடைந்திருந்தது. என் போட்டோவில் இருக்கும் எங்கள் பழைய ஆல்டர்னேட்டரிலும் அதே இடத்தில் அதே உடைப்பு. வெள்ளி பெயின்ட் அடித்து அதையே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். எர்த் மறந்தது கவனக்குறைவு என்று விட்டுவிடலாம், இதை விட முடியாது. இவர்கள் மாற்றியதாகச் சொன்ன எந்தப் பழைய பாகத்தையும் எங்கள் கையில் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நீங்கள் கண்டிப்பாகக் கேளுங்கள். இன்ஜின் இறக்கும் முன் ஒவ்வொரு ஒயரையும் கேபிளையும் போட்டோ எடுத்துவிடுங்கள். ஒரே சமயத்தில் சம்பந்தமில்லாத நாலு கோளாறு வந்தால், பாகம் மாற்ற ஒத்துக்கொள்வதற்கு முன் ஜம்பர் கேபிளை மைனஸிலிருந்து இன்ஜினுக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

காசைத் திருப்பிக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். கையில் இருப்பது வெள்ளைத்தாளில் எழுதிய கணக்கு மட்டும், ஜி.எஸ்.டி. பில் எதுவும் இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, அங்கேயும் போகப் போகிறேன். இதைவிடப் பெரிய கவலை இன்ஜின் எண். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் பதிந்து ஆர்.சி.யைத் திருத்த வேண்டும். அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கு இன்வாய்ஸ் இல்லாமல் நான் எதைக் காட்டுவேன்? இன்வாய்ஸ் கேட்டு எழுத்து மூலம் தபால் அனுப்பினேன். வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது.