வெஸ்ட்செயில் 32: பழைய படகை வாங்கும் முன்

அமெரிக்காவில் 1970-களில் கட்டப்பட்ட வெஸ்ட்செயில் 32, வேகத்தை விரும்புவோருக்கான பாய்மரப் படகு அன்று. ஏறத்தாழ 9 டன் எடையும் அடிப்புறத்தில் முன்னிருந்து பின்வரை முதுகெலும்பு போல் நீளும் ஏராவும் கொண்ட அது இளங்காற்றில் சோம்பிக் கிடக்கும், துறைக்குள் பின்னோக்கிச் செலுத்தினாலோ சொன்ன பேச்சைக் கேட்காது. ஆனால் 1991 அக்டோபர் புயலில் ஆட்கள் மீட்கப்பட்டபின் தனியே விடப்பட்ட ‘சடோரி’ என்னும் இவ்வகைப் படகு, மூழ்காமல் கரை ஒதுங்கி, பின்னர் மீண்டும் கடலோடியது.

பல படகுகளை வாங்கியவர்களே அவற்றின் உட்புறத்தைக் கட்டி முடித்ததால், தரம் படகுக்குப் படகு மாறும். முகப்பில் நீண்டிருக்கும் மரக்கழியின் அடிப்பகுதியைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலிக்காமல் மந்தமாகக் கேட்டால் உள்ளே மரம் உளுத்திருக்கலாம். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகளின் முனைகளில் துருக்கோடு தெரிந்தால், அவற்றை மாற்றும் செலவையும் சேர்த்தே பேரம் பேசுவது நல்லது.