நான்கு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஓடும் உலர்த்தி: தக்காளிப் பெட்டி முதல் சுண்டைக்காய் வரை

கோயம்புத்தூரில் ஆனி, ஆடி மாதங்களில் மொட்டை மாடியில் எதையும் நம்பிக் காயப்போட முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று முறத்தோடு வற்றலைத் தூக்கிக்கொண்டு போகும். பறக்காமல் தப்பியதில் மண் படிந்திருக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் அடைமழை. கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும் தழைத்து நிற்பதோ அந்த மழைக்குப் பிறகுதான். கண்ணெதிரே கீரை பழுத்து உதிர்வதைப் பார்க்கப் பொறுக்காமல், 2021 மார்ச்சில், காய்கறி, கீரைகளைச் சூடான காற்றில் உலர்த்தும் டிஹைட்ரேட்டர் ஒன்றை வாங்கினோம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஐந்து வட்டத் தட்டுகள், அடியில் காற்றாடி, 350 வாட், 35 முதல் 70 டிகிரி வரை வெப்பம் வைக்கும் வசதி; இவ்வளவுதான் அந்த இயந்திரம்.

அதன் முழுப் பயனை எனக்குக் காட்டியது தக்காளி. விலை சரியும் நாள்களில் கிணத்துக்கடவுச் சந்தைப் பக்கம் போனால் 14 கிலோ பெட்டி நூறு ரூபாய்க்கும் கிடைத்திருக்கிறது. நசுங்கியதைக் கழித்து, மிஞ்சும் 12 கிலோவை அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான வில்லைகளாக அரிந்து, ஒரு முறைக்கு மூன்று கிலோ வீதம் நான்கு முறை போடுவேன். 57 டிகிரியில் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். மழை நாளில் காற்றே ஈரமாக இருப்பதால் இன்னும் மூன்று மணி நேரம் கூடும். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு தண்ணீர்தான் என்பதால் மூன்று கிலோ போட்டால் இருநூறு கிராம்தான் மிஞ்சும். முதல் முறை அதைப் பார்த்து மனம் சுருங்கியது உண்மை. ஆனால் அந்த இருநூறு கிராமில் ஒரு பிடி எடுத்து ரசத்தில் போட்டபோது, சந்தையில் தக்காளி எண்பது ரூபாய் விற்ற நாளில், அந்தக் கணக்கு நேராகிவிட்டது. பொடியாக்கி வைக்க வேண்டாம். மழைக்காலத்தில் தக்காளிப் பொடி ஒரே இரவில் ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். வில்லையாகவே வைத்துக்கொண்டு, வேண்டும்போது கொஞ்சம் அரைப்பதே நல்லது.

பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் நேந்திரம் பழத்தில் கிடைத்தது. சீக்கிரம் ஆகட்டும் என்று 70 டிகிரியில் வைத்தேன். ஐந்து மணி நேரத்தில் வில்லைகள் மேலே தோல்போல் இறுகிவிட்டன. காய்ந்துவிட்டது என்று நினைத்து ஜாடியில் அடைத்தேன். மேற்புறம் இறுகியதால் உள்ளீரம் வெளியேற வழியில்லாமல் சிறைப்பட்டிருந்தது. பத்தாம் நாள் மூடியைத் திறந்தால் ஓரங்களில் வெண்பூசணம். முழு ஜாடியையும் கொட்ட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எந்தப் பழமானாலும் வெப்பத்தைக் குறைத்து, நேரத்தைக் கூட்டுகிறேன். நன்றாக ஆறிய பிறகு, கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு மட்டும் நிரப்பி, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பார்க்கிறேன். கண்ணாடியின் உட்புறத்தில் ஊசிமுனை அளவு நீர்த்துளி அரும்பினாலும், பூசணம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பழத்தை மறுபடி தட்டுக்கு மாற்றிவிடுகிறேன்.

கீரைக்கு இந்த இயந்திரத்தை மனமாரப் பரிந்துரைப்பேன். முருங்கைக்கீரையை அலசி, துணியில் நீர் வடியவிட்டு, ஆய்ந்து, 45 டிகிரியில் வைத்தால் ஆறு மணி நேரத்தில் விரலிடையில் நொறுங்கும் பக்குவம் வரும். நேர் வெயிலில் காய்ந்த கீரை வெளிறிப்போகும், அதிலுள்ள சத்தும் குறையும். இதில் பச்சை நிறம் அப்படியே நிற்கிறது. ஒரு கிலோ கீரைக்குக் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். அடைமாவிலும் இட்லிப் பொடியிலும் சேர்க்கிறோம். ஒரு குறை உண்டு: காய்ந்த இலை இறகுபோல் ஆகிவிடுவதால் அடிக்காற்றில் எழும்பி, தட்டின் துளை வழியே சூடேற்றும் பகுதிக்குள் விழுகிறது. கொசுவலைத் துணியை வட்டமாக வெட்டிக் கீழும் மேலும் போட்ட பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது.

வற்றலில் மட்டும் வெயிலுக்கு இது ஈடாகாது. சுண்டைக்காயைக் கீறி, உப்பும் புளித்த மோரும் கலந்து ஊறவைத்து, பாதியை மாடியிலும் பாதியை இயந்திரத்திலும் காயவைத்து, இரண்டையும் வறுத்து, எது எது என்று சொல்லாமல் அத்தையிடம் கொடுத்தேன். ஒன்றை மென்றுவிட்டு, "இதுல மோர் உள்ள இறங்கவே இல்ல கண்ணு" என்றார். அது இயந்திரத்தில் காய்ந்தது. பகலில் காய்வதும் இரவில் மோரில் ஊறுவதுமாக மூன்று நான்கு நாள் நடக்கும் வேலையை ஒரே நாளில் முடிக்கப் பார்த்தது என் தவறுதான். இப்போது மோரில் ஊறும் நாள்களைக் குறைப்பதில்லை; மூன்றாம் நாள் மேகம் மூடிக்கொண்டால் மட்டும், கடைசிக் காய்ச்சலுக்கு இயந்திரத்தைத் துணைக்கு அழைக்கிறோம். மோர்மிளகாய்க்கும் இதே முறை. கொத்தவரங்காய், பாகற்காய் போன்றவற்றை உப்பு நீரில் ஒரு கொதி விட்டெடுத்துப் போட்டால் குறையில்லை.

மின்சாரத்தைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் அதிக அளவாக 4.2 யூனிட். மாதத்துக்கு நான்கைந்து முறை என்றால் சுமையில்லை. ஆனால் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டை நெருங்கும் வீடுகள் கவனமாக இருக்க வேண்டும், அந்த எல்லையைத் தாண்டினால் கட்டணப் படிநிலையே மாறிவிடும்.

மூன்றாம் ஆண்டில் இரண்டு தட்டுகள் விளிம்பில் விரிசல் விட்டன. தட்டு மட்டும் தனியாகக் கிடைக்காது என்று விற்றவர்கள் கைவிரித்துவிட்டதால் மூன்று தட்டுகளோடுதான் ஓட்டுகிறோம். அடிக்காற்றாடி என்பதால் கீழ்த்தட்டு முந்தி, மேல்தட்டு பிந்துகிறது; இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி அடுக்கவில்லையென்றால் காய்ச்சல் ஒன்றுபோல் வராது. இனி வாங்குவதானால், காற்றாடி பின்புறம் இருக்கும் பெட்டி வடிவத்தை, எஃகுத் தட்டுகளோடு, தட்டு உதிரியாகக் கிடைக்குமா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன்.