கொழும்பில் கரு உறையவைத்தோம்: ஆரையம்பதியிலிருந்து போய்வந்த அனுபவம்

ஒன்றரை வருடம் மட்டக்களப்பு இரவு ரயிலில் ஏறி, விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கி, சோதனைக்குழாய்க் குழந்தைச் சிகிச்சைக்காக ஒரு கிளினிக்குக்குப் போய்வந்தோம். குறையும் சொல்லப்போவதால் அதன் பெயர் போடவில்லை.

முதல் தடவை 17 முட்டை எடுத்தார்கள். எனக்கு வயிறு ஊதி, மூச்சு வாங்கியது. இப்போது கரு வைத்தால் உங்களுக்கு ஆபத்து என்று சொல்லி, ஐந்து நாள் வளர்ந்த 4 கருவையும் உறையவைத்தார் டாக்டர். மீனை ஐஸில் போடுவது போல என் பிள்ளையைப் போடுவதா என்று அழுதுவிட்டேன்.

லாபில் இருந்த தங்கச்சி வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஐஸ் பிடித்தால்தான் அக்கா பழுது. நாங்கள் கருவில் உள்ள தண்ணீரை மருந்தால் எடுத்துவிட்டு, ஒரு நொடியில் மைனஸ் 196 பாகைத் திரவ நைட்ரஜனில் இறக்குவோம். கண்ணாடி மாதிரி இறுகிவிடும், ஐஸே பிடிக்காது" என்றாள். கரண்ட் போனால் என்று கேட்டேன். 2022 இல் 13 மணிநேர மின்வெட்டைப் பார்த்தவர்கள் அல்லவா நாங்கள். கரு வைத்திருக்கும் தாங்கிக்குக் கரண்டே தேவையில்லை, நைட்ரஜன் குறையாமல் ஊற்றினால் போதும் என்று, அளவு எழுதும் கொப்பியையும் காட்டினாள். அன்றிரவுதான் நித்திரை கொண்டேன்.

எனக்குக் கரு வைப்பதற்காக உருக்கிய நாளன்று என் பெயர், பிறந்த திகதி, என் கணவருடைய பெயர் எல்லாம் இரண்டு தரம் கேட்டுச் சரிபார்த்தார்கள். முதல் கரு தப்பவில்லை. ஒளிக்காமல் உடனே சொன்னார்கள். இரண்டாவதைத் திரையில் பார்த்தேன், காற்றுப்போன பலூன் போலச் சுருங்கிக் கிடந்தது. இரண்டு மணிநேரம் கழித்துத் திரும்பக் காட்டினார்கள். ஒரு பக்கம் மெல்லப் பொம்மி, வட்டமாகி வந்திருந்தது. அவர் என் கையை விடவேயில்லை.

குறை கவுண்டரில்தான். கருவை அங்கே வைத்திருக்க வருடாவருடம் காசு கட்டவேண்டும் என்று முதலில் யாரும் சொல்லவில்லை. சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் மட்டும். எங்களில் ஒருவர் இறந்தால் கருவை என்ன செய்வது என்ற கேள்விக்கு, விளங்காமலே கையெழுத்து வைத்திருக்கிறேன். எவ்வளவு பெரிய விஷயம் அது! போகிறவர்கள் படிவத்தை முதல் நாளே வாங்கி, தெரிந்தவரிடம் வாசிப்பித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

ஐந்து புள்ளியில் லாபுக்கு 5, கவுண்டருக்கு 2. எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். மற்ற 2 கருவும் அங்கேதான் இருக்கின்றன. இந்த வருடக் காசைப் போன கிழமை கட்டினோம்.